ஹார்ட் டிஸ்க் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்து வீட்டிலேயே செய்யக்கூடியவை

கடைக் கணக்கு டேலியில், கல்யாண ஆல்பம் டி டிரைவில், பட்டுப் புடவை பார்டருக்கு வரைந்த ஜக்கார்டு டிசைன் ஒரு பழைய போர்ட்டபிள் டிஸ்கில். அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டை, குகை என்று சேலத்தில் எந்தப் பக்கம் போனாலும் பலருடைய பல வருட உழைப்பு இப்படி ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில்தான் இருக்கிறது. அது ஒரு நாள் தகராறு செய்யும்போது பதற்றத்தில் செய்யும் முதல் இரண்டு மூன்று காரியங்களில்தான் பெரும்பாலும் ஃபைல்கள் போகின்றன. திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்வது, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவது, டிஸ்கைத் தட்டிப் பார்ப்பது, யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரீசரில் வைப்பது.

அந்த டிஸ்கை மறுபடி பழையபடி ஓட வைக்கும் எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். கடைசியாக ஒரே ஒரு முறை முழுசாகப் படித்து இன்னொரு டிஸ்கில் இறக்கும் வரை அது தாங்கினால் போதும். கீழே சொல்லும் எல்லாமே அந்த ஒரு காப்பிக்காகத்தான்.

எதையும் தொடுவதற்கு முன்

முதல் கேள்வி, உள்ளே இருப்பதற்கு வேறு காப்பி இருக்கிறதா? இருந்தால் மெனக்கெட வேண்டாம், புது டிஸ்க் வாங்கிப் போடுங்கள். இல்லை என்றால் அடுத்த கேள்வி, அது போனால் எவ்வளவு நஷ்டம்? திரும்ப எடுக்கவே முடியாத கல்யாணப் படங்கள், கோர்ட் கேஸில் இருக்கும் ஆவணங்கள், பத்து வருடக் கணக்கு என்றால், சத்தம் வரும் டிஸ்கை வீட்டில் தொடவே கூடாது. நேராக டேட்டா மீட்கும் லேபுக்குத்தான். போனால் வருத்தம்தான், ஆனால் பிழைப்பு நின்றுவிடாது என்கிற அளவுக்கு இருந்தால் மேலே படியுங்கள்.

அந்த டிஸ்கில்தான் விண்டோஸ் இருக்கிறது என்றால் அதிலிருந்து இனி பூட் செய்ய வேண்டாம். விண்டோஸ் சும்மா இருக்கும்போதும் பின்னால் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். பூட் ஆகும்போது அதுவாகவே டிஸ்கைச் சோதிக்கக் கிளம்பினால், எண்ணி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தி நிறுத்திவிடுங்கள். மீட்கும் மென்பொருள் எதையும் அந்த டிஸ்கிலேயே இன்ஸ்டால் செய்யக் கூடாது. மீட்ட ஃபைலையும் அதிலேயே சேமிக்கக் கூடாது.

கையில் இருக்க வேண்டியவை: பழுதான டிஸ்கின் மொத்த கொள்ளளவை விட அதிக காலி இடம் உள்ள ஒரு நல்ல டிஸ்க், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் போட்ட பென் டிரைவ், ஒரு யுபிஎஸ், ஒரு டேபிள் ஃபேன். 1 டிபி டிஸ்கில் 200 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது என்றாலும் காலி இடம் 1 டிபிக்கு மேல் வேண்டும், ஏனென்றால் ஃபைல் ஃபைலாக இல்லாமல் டிஸ்கை அப்படியே ஒரே ஃபைலாக அச்சு (இமேஜ்) எடுக்கப் போகிறோம்.

பவர் கொடுத்தால் சத்தமே இல்லை, அசைவும் இல்லை

கேட்கத்தான் பயமாக இருக்கும். ஆனால் நம்பிக்கை தரும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. டிஸ்க் சுற்றவே இல்லை என்றால் உள்ளே டேட்டா பதிந்திருக்கும் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் வெளியே பவர் வரும் வழியில்தான் எங்கோ கோளாறு.

கேபிளை மாற்றுங்கள், டிஸ்குக்குப் பவர் தரும் சாட்டா கனெக்டரை, கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸில் வேறு ஒன்றுக்கு மாற்றுங்கள். கேபிளைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கவனம்: ஒரு மாடலின் கேபிளை இன்னொரு மாடலில் செருகக் கூடாது. கனெக்டர் பொருந்தும், ஆனால் பின் வரிசை வேறாக இருக்கும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் நல்ல டிஸ்க்கும் செத்துவிடும்.

வெளியே வைக்கும் 3.5 இன்ச் டிஸ்க் என்றால் முதல் சந்தேகம் அடாப்டர் மேல்தான். பெட்டிக்குள் இருப்பது சாதாரண டிஸ்க், அதற்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும். கோடை மழையில் இடி இடித்து, லைன் போய் வந்த மறுநாள் டிஸ்க் எழவில்லை என்றால் பல நேரம் அடாப்டர் மட்டும்தான் போயிருக்கும். ஏற்காட்டில் இது அடிக்கடி நடக்கும். அதே 12 வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர், அதே துருவம் உள்ள அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். ஊசி பொருந்துகிறதே என்று 19 வோல்ட் லேப்டாப் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள்.

அப்படிச் செருகிவிட்டிருந்தாலும் கதை முடிந்துவிடவில்லை. டிஸ்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டில், பவர் கனெக்டர் பக்கத்தில், டிவிஎஸ் டையோடு என்று கறுப்பாக இரண்டு கால் உள்ள பாகங்கள் இருக்கும். 5 வோல்ட்டுக்கு ஒன்று, 12 வோல்ட்டுக்கு ஒன்று. வோல்டேஜ் எகிறினால் தான் ஷார்ட் ஆகி மற்ற சிப்களைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. பவரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அதன் இரு முனையையும் அளந்து பாருங்கள். ஓம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. அந்த டையோடைக் கழற்றி எடுத்துவிட்டால் பல டிஸ்குகள் எழுந்துவிடும். ஆனால் இப்போது பாதுகாப்பு எதுவும் இல்லை. நம்பகமான எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டி, காப்பி எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

டையோடு நன்றாக இருக்கிறது, வேறு சிப் கருகியிருக்கிறது என்றால் போர்டை மாற்ற வேண்டும். பழைய இணைய ஆலோசனைகளில் அதே மாடல் போர்டு வாங்கி மாட்டினால் போதும் என்று இருக்கும். இப்போதைய டிஸ்குகளில் அது நடக்காது. ஒவ்வொரு டிஸ்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக அளவெடுத்துச் சரிசெய்யப்படுகிறது. தட்டைப் படிக்கும் அதன் ஹெட்டுகளுக்கான அளவுகள் அந்தப் போர்டில் எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ராம் சிப்பில் இருக்கும் (படிக்க மட்டுமான மெமரி, கம்ப்யூட்டரில் போடும் ரேம் இல்லை). பழைய போர்டிலிருந்து அதைக் கழற்றிப் புதுப் போர்டில் ஒட்ட வேண்டும். ஹாட் ஏர் வைத்து செல்போன் போர்டு வேலை செய்பவர்களுக்கு இது பழக்கமான வேலைதான். சில போர்டுகளில் அந்தத் தகவல் பெரிய சிப்புக்குள்ளேயே இருக்கும், அப்போது லேப்தான் வழி. எப்படியானாலும் பழைய போர்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

பெட்டியை உடைத்து வெளியே எடுத்த டிஸ்கை டெஸ்க்டாப்பில் மாட்டினால் சுற்றவில்லையா? சில டிஸ்குகளில் சாட்டா பவரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் தூங்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். பழைய நாலு பின் மோலெக்ஸ் கனெக்டரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போட்டால் 3.3 வோல்ட் வராது, டிஸ்க் சுற்றும்.

மெல்லிய பீப், அல்லது முனகல்

ஹார்ட் டிஸ்கில் ஸ்பீக்கர் கிடையாது. பீப் என்று கேட்பது, மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் துடிப்பது. காரணம் இரண்டில் ஒன்று.

லேசானது, கரன்ட் போதவில்லை. 2.5 இன்ச் போர்ட்டபிள் டிஸ்க் யுஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட்டை மட்டும் நம்பியிருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் தரும், 3.0 போர்ட் 900. நீளமான, மெல்லிய, நசுங்கிய கேபிளில் அதிலும் குறையும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் நீல நிற போர்ட்டில், குட்டையான வேறு கேபிளில் செருகிப் பாருங்கள்.

கடினமானது, ஹெட் தட்டின் மேலேயே ஒட்டி நிற்பது. ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்த போர்ட்டபிள் டிஸ்கில் இது சகஜம். ஒதுங்கி நிற்க வேண்டிய ஹெட், பளபளப்பான தட்டில் பதிந்துகொண்டு மோட்டாரைச் சுற்ற விடாது. டிஸ்கைக் கையில் பிடித்து வேகமாகத் திருப்பி உலுக்கினால் ஹெட் விடுபடும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள், அதைச் செய்யாதீர்கள். ஹெட் பிய்ந்து தட்டில் கோடு விழுந்தால் அப்புறம் லேபாலும் எதுவும் செய்ய முடியாது. கேபிள், போர்ட் மாற்றியும் பீப் தொடர்ந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டக், டக் என்று சீராக அடிக்கிறது

சுற்றத் தொடங்குகிறது, சில நொடியில் டக், டக், டக். பிறகு தானாக நின்றுவிடுகிறது, அல்லது அடித்துக்கொண்டே இருக்கிறது. ஹெட் தட்டில் இருக்கும் வழிகாட்டிக் குறிகளைத் தேடுகிறது, படிக்க முடியவில்லை, ஓரத்துக்குத் திரும்பி மறுபடி தேடுகிறது. அந்தத் திரும்பல்தான் நீங்கள் கேட்கும் அடி.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் சோதிக்கலாம், பவர். 12 வோல்ட் பலவீனமாக இருந்தாலும் டிஸ்க் அடிக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அப்போதும் அடித்தால் பவரை எடுத்துவிடுங்கள். அடித்துக்கொண்டே இருக்கும் டிஸ்கை, ஒருவேளை எழுந்துவிடும் என்று ராத்திரி முழுக்க விட்டு வைப்பது மிகப் பெரிய தவறு. பழுதான ஹெட் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில்தான் ஓடுகிறது. அது இறங்கிவிட்டால் காந்தப் பூச்சையே சுரண்டிவிடும்.

ஃப்ரீசர் வைத்தியத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் டக் டக் என்றாலே யாராவது அதைச் சொல்வார்கள். உலோகம் குளிரில் சுருங்கி மோட்டார் விடுபடும் என்பது ஒரு காலத்துக் கணக்கு. பழைய டிஸ்குகளில் எப்போதாவது அப்படி எழுந்ததும் உண்டு. ஆனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த தண்ணீர் பாட்டில் சேலத்து வெயிலில் எப்படி வியர்க்கிறதோ, ஃப்ரீசரிலிருந்து வரும் டிஸ்க்கும் அப்படியே வியர்க்கும். பெரும்பாலான டிஸ்குகள் காற்றுப் புகாமல் மூடியவை இல்லை, அழுத்தம் சமமாக ஒரு சிறு துளை வைத்திருக்கிறார்கள். உள்ளே தட்டின் மேல் ஈரம் படிந்த நிலையில் நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓட விட்டால் மிச்சம் இருந்த வாய்ப்பும் போய்விடும். தயவுசெய்து வேண்டாம்.

மூடியைத் திறப்பதும் வேண்டாம். லேபுகள் வடிகட்டிய காற்றில், தூசு இல்லாத அறையில் திறக்கின்றன. வீட்டுக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் தூசு கூட ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை விடப் பல மடங்கு பெரியது. ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்க் என்றால் திறந்த அந்த நொடியே வாயு போய்விடும்.

உரசும் சத்தம், கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்டால் சோதனை கூட வேண்டாம். சுவிட்சை அணையுங்கள்.

நன்றாகச் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை

முதலில் பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், அல்லது விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். அங்கே சரியான அளவோடு தெரிந்து, மை கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால் டிரைவ் எழுத்து விட்டுப்போயிருக்கலாம். எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் "இனிஷியலைஸ் டிஸ்க்" என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல் கொடுங்கள். டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் தகவல் எழுதப்படும் இடத்தில் அது புதிதாக எழுதிவிடும்.

எங்கேயும் தெரியவில்லை என்றால் சாட்டா கேபிள், வேறு போர்ட், வேறு கம்ப்யூட்டர் என்று வரிசையாக மாற்றுங்கள். போர்ட்டபிள் டிஸ்கில் கேபிள் செருகும் மைக்ரோ பி வாய் ஆடி ஆடித் தளர்ந்துவிடும். சில கம்பெனி டிஸ்குகளில் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாதாரண சாட்டா டிஸ்க்கும் ஒரு சின்ன மாற்றிப் போர்டும் இருக்கும். போர்டைக் கழற்றிவிட்டு நேராக மாட்டலாம். ஆனால் வெஸ்டர்ன் டிஜிட்டல் மை பாஸ்போர்ட் வகையில் பலவற்றில் யுஎஸ்பி வாயே டிஸ்கின் போர்டில்தான் பற்றவைத்திருக்கும், சாட்டா கிடையாது. அதில் பல மாடல்கள் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் டேட்டாவைக் குறியாக்கம் செய்தே எழுதுகின்றன. அந்தப் போர்டு இல்லாமல் டேட்டா வெறும் குப்பையாகத்தான் தெரியும். அவற்றில் தளர்ந்த வாயை மட்டும் பற்றவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஈரப்பதம் உள்ள இடத்தில் இருந்த பழைய டிஸ்க் என்றால் இன்னொரு எளிய வேலை இருக்கிறது. அடிப்பக்கப் போர்டை நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவரால், பெரும்பாலும் டி6 அல்லது டி8, கழற்றித் திருப்பினால் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் போகும் தொடுபுள்ளிகள் கறுத்திருப்பது தெரியும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மாட்டுங்கள். போர்டைக் கழற்றுவதால் தட்டு இருக்கும் அறை திறக்காது, பயம் வேண்டாம். காபி விவசாயம் செய்பவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் என ஏற்காடு மலை மேல் இருப்பவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பனி ஜன்னல் வழியாகவே உள்ளே வரும் ஊர் அது. ஏற்காட்டின் உயரத்தால் டிஸ்குக்குக் கெடுதல் இல்லை. சுமார் 1,500 மீட்டர்தான், சாதாரண டிஸ்குகளை 3,000 மீட்டர் வரை ஓடும்படிதான் செய்கிறார்கள். ஈரம்தான் எதிரி.

பெயர் தாறுமாறாக வருகிறது, 1 டிபி டிஸ்க் 0 என்று காட்டுகிறது என்றால் டிஸ்கின் உள் மென்பொருளில் கோளாறு. 2009 தொடக்கத்தில் சீகேட் பாரகுடா 7200.11 டிஸ்குகள் பலவற்றுக்கு இப்படித்தான் ஆனது. டேட்டா அப்படியே இருக்கும், அதை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கும். தனிக் கருவி வேண்டும், லேபுக்குக் கொடுத்தால் மீள வாய்ப்பு நன்றாகவே உண்டு.

"ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று கேட்கிறது

கேன்சல். ஃபைல் சிஸ்டம் "ரா" என்று காட்டினால், எந்த ஃபைல் எங்கே என்ற அட்டவணை கெட்டிருக்கிறது, ஃபைல்கள் பெரும்பாலும் இருக்கும். அட்டவணை தானாகக் கெட்டதா, டிஸ்க் படுக்கத் தொடங்கியதால் கெட்டதா என்று தெரிந்துகொள்ள அடுத்த பகுதியில் சொல்லும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் எண்களைப் பாருங்கள். எண்கள் சுத்தமாக இருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவியால் தொலைந்த பார்ட்டிஷனைத் தேடலாம். எண்கள் மோசம் என்றால் முதலில் அச்சு எடுங்கள், பிறகு அச்சின் மேல் தேடுங்கள்.

டிஸ்கில் எந்தக் கோளாறும் இல்லாமலே இந்தக் கேள்வி வரும் இடங்கள் இரண்டு. சிசிடிவி படத்தைப் பதியும் டிவிஆர் பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்கை விண்டோஸில் மாட்டினால் ஃபார்மேட் கேட்கும், ஏனென்றால் பல டிவிஆர்கள் தங்களுக்கென்று தனி முறையில் எழுதுகின்றன. அதைத் திரும்ப டிவிஆரிலேயே மாட்டிப் பாருங்கள். அதேபோல, பெரிய கொள்ளளவு உள்ள சில வெளி டிஸ்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக மாட்டினால் காலியாகத் தெரியும். டிஸ்க் டேட்டாவைப் பிரித்து வைக்கும் சிறு கட்டத்துக்குச் செக்டார் என்று பெயர்; பெட்டியின் போர்டு அதை 4,096 பைட்டாகக் காட்டிக்கொண்டிருந்தது, நேராக மாட்டினால் 512 ஆகிவிடுகிறது. பழைய பெட்டியில் போட்டால் திரும்ப வந்துவிடும்.

ரொம்ப ஸ்லோ, அங்கங்கே தொங்குகிறது

அதிகம் பேர் சந்திப்பது இதைத்தான். வீட்டில் மீட்க நல்ல வாய்ப்பு உள்ளதும் இதுதான். ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அப்படியே நிற்கும். காப்பி பாதியில் "சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று சொல்லி நின்றுவிடும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் காட்டும், ஆனால் வேகம் கேபியில் இருக்கும், பதில் சொல்லும் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்டில் இருக்கும். பூட் ஆகும்போது "ஸ்மார்ட் ஸ்டேட்டஸ் பேட்" என்று மதர்போர்டே எச்சரித்தால் இன்னும் தெளிவு.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்கின் சொந்த நோய்க் குறிப்பைப் பார்க்கலாம். நான்கு வரி போதும். 05 என்பது ஏற்கெனவே ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல், முடிவு தெரியாமல் காத்திருப்பவை. சி6 சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. சி7 டேட்டா வரும் வழியில் பிழை, அதாவது கேபிள். சி7 மட்டும் ஏறியிருக்கிறது, மற்றவை பூஜ்யம் என்றால் சாட்டா கேபிளை மாற்றுங்கள், உங்கள் டிஸ்க் நலம். அந்த எண் பழைய கணக்கு, இறங்காது. இனி ஏறாமல் இருந்தால் சரி. இந்த மென்பொருள் எண்களை முதலில் பதினாறடிமானத்தில் காட்டும், 10 என்று கடைசியில் இருந்தால் அது 16. செட்டிங்கில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சி5 ஏறியிருக்கும் டிஸ்கில் செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகிவிடும், ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எண் உண்மையிலேயே குறையும். எப்படிக் குறைகிறது என்பதில்தான் ஆபத்து. காத்திருக்கும் செக்டாரின் மேல் புதிதாக ஏதாவது எழுதினால்தான் டிஸ்க் அதை நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு செய்யும். முழு ஃபார்மேட் அதன் மேல் பூஜ்யத்தை எழுதுகிறது. எண் சுத்தமாகும், உங்கள் படம் போயிருக்கும். செக்டிஸ்க் இன்னும் மோசம், தளர்ந்த டிஸ்கை மூலை முடுக்கெல்லாம் ஓட வைத்து, படிக்க முடியாத ஃபோல்டர்களின் இணைப்பை அறுத்துவிடும்.

சரி, என்ன செய்வது? டிடிரெஸ்க்யூ (ddrescue). இலவசம், பல வருடமாக லினக்ஸில் இருப்பது. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை வேறு கம்ப்யூட்டரில் ரூஃபஸ் என்ற மென்பொருள் வழியாகப் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள், அதிலேயே இந்தக் கருவி இருக்கிறது. சாதாரணக் காப்பி ஒரு கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மல்லுக்கட்டும். டிடிரெஸ்க்யூ அதைத் தாண்டிக் குதித்து, சுலபமாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் திரும்பி வரும். டிஸ்க் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்கிறபோது இந்த வரிசைதான் எல்லாம்.

பூட் செய்ததும் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று அடித்து, எது எந்த டிஸ்க் என்று கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரமே கூடாது. கட்டளையில் முதலில் பழுதான டிஸ்க், இரண்டாவது நல்ல டிஸ்கில் உருவாக வேண்டிய இமேஜ் ஃபைல், மூன்றாவது மேப் ஃபைல். முதலிரண்டையும் ஒரு பேப்பரில் எழுதி, பக்கத்தில் இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டிஸ்க் ஃபேட்32 ஆக இருக்கக் கூடாது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

முதல் சுற்றில் ஒரு ஹைஃபனும் சிறிய எழுத்து "என்"னும் (-n) சேருங்கள். கெட்ட இடத்தைச் சுரண்டாமல் நல்லதை மட்டும் எடுக்கும். அது முடிந்த பிறகு, அந்த எழுத்தை எடுத்துவிட்டு, டிஸ்கை நேரடியாகப் படிக்கச் சொல்லும் "டி" (-d) ஆப்ஷனும் மூன்று முறை மறுமுயற்சிக்கான "ஆர்3" (-r3) ஆப்ஷனும் போட்டு அதே மேப் ஃபைலோடு மறுபடி ஓட்டுங்கள். மேப் ஃபைலில் எது வந்தது, எது பாக்கி என்ற கணக்கு இருக்கிறது. கரன்ட் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த ஃபைலைத் தொலைத்தால் முதலிலிருந்துதான்.

ஆரோக்கியமான 1 டிபி டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். யுஎஸ்பி 2.0 போர்ட்டில் எட்டு ஒன்பது மணி நேரம். பழுதான டிஸ்க் நாள்கணக்கில் எடுக்கலாம். சேலத்து ஏப்ரல் மே வெயிலில் மூடிய அறையில் டிஸ்க் சீக்கிரமே 50 டிகிரியைத் தாண்டும், பெரும்பாலான டிஸ்குகளுக்கு 60தான் எல்லை. பெட்டியிலிருந்து எடுத்து மரப் பலகையில் சமமாக வைத்து டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிடுங்கள், முடிந்தால் இரவில் ஓட்டுங்கள். வேகம் திடீரென்று கேபிக்கு இறங்கி அப்படியே நின்றால் நிறுத்தி, ஆறவிட்டுத் தொடருங்கள். நடுவில் டக் சத்தம் தொடங்கினால் வந்தது வரை போதும் என்று எடுத்துவிட வேண்டியதுதான்.

லேப்டாப்பில் இருப்பது சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் இதில் பாதி பொருந்தாது. அது சத்தமில்லாமல், முன்னறிவிப்பும் பெரும்பாலும் இல்லாமல் போகும். அழித்த ஃபைலை ட்ரிம் என்ற ஏற்பாடு சீக்கிரமே துடைத்துவிடும்.

நனைந்த டிஸ்க்

பவர் கொடுக்காதீர்கள். ஹேர் டிரையர், வெயில், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். காய்ந்தால் தண்ணீரில் இருந்த உப்பும் மண்ணும் தட்டில் படிந்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே பிளாஸ்டிக் கவரில் மூடி லேபுக்கு அனுப்ப வேண்டும். நனையாமல், குளிரான அறையில் மட்டும் இருந்த டிஸ்க் என்றால், ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கவரில் மூடிக் கீழே கொண்டு வந்ததும் கவரைத் திறக்காமல் சில மணி நேரம் வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மாட்டுங்கள்.

லேபுக்குக் கொண்டுபோவதென்றால்

பெங்களூரு, சென்னை போன்ற ஊர்களில் தூசில்லா அறை உள்ள இடங்கள் இருக்கின்றன. முடிந்தால் கையிலேயே கொண்டுபோங்கள். பார்சலில் போடுவதாக இருந்தால் நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாடிக் கவர், அதைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியான ஃபோம், அப்புறம் அட்டைப்பெட்டி. கொடுப்பதற்கு முன் சில கேள்விகள்: நீங்களே திறப்பீர்களா, வேறு ஊருக்கு அனுப்புவீர்களா? பார்த்துச் சொல்வதற்கே பணமா? டேட்டா வராவிட்டால் எவ்வளவு? வந்த ஃபைல்களின் பட்டியலைப் பார்த்த பிறகு பணம் கட்டலாமா? டிஸ்கைப் பார்க்காமலேயே நூறு சதவீதம் வரும் என்று சொல்லும் இடத்தில் கொடுக்காதீர்கள். இதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கீழே விழுந்தது, ஃப்ரீசரில் வைத்தது, திறந்து பார்த்தது, எல்லாமே அவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்பதை மாற்றும்.

இமேஜ் கைக்கு வந்த பிறகு

பழைய டிஸ்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, எடுத்து வையுங்கள். இனி வேலை எல்லாம் இமேஜின் மேல்தான். முடிந்தால் அதற்கும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ இரண்டும் இமேஜ் ஃபைலை நேராகத் திறந்து ஃபோல்டர்களைக் காட்டும். ஃபோல்டர் அமைப்பே தேறாத அளவுக்குக் கெட்டிருந்தால் ஃபோட்டோரெக் ஃபைல்களை வகை பார்த்துப் பொறுக்கி எடுக்கும். பெயரும் தேதியும் போய் எண்களாக வரும், பிரித்து அடுக்குவது உங்கள் பொறுமை.

எடுத்த ஃபைல்களின் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம், திறந்து பாருங்கள். படங்களின் சிறு உருவம் நன்றாகத் தெரியும், முழுப் படம் பாதிக்குக் கீழே சாம்பலாக இருக்கும். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். டேலி டேட்டாவை முழு ஃபோல்டராக எடுத்து, கம்பெனியைத் திறந்து, கடைசி மாதத்து பேலன்ஸை அச்சடித்த பழைய பேப்பரோடு ஒப்பிடுங்கள். ஜக்கார்டு டிசைனை அந்த மென்பொருளிலேயே திறந்து பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்து, இரண்டு வெவ்வேறு டிஸ்கில் காப்பி எடுத்த பிறகுதான் பழைய டிஸ்கை என்ன செய்வது என்று யோசிக்கலாம்.